புதுத் தொட்டியில் பழுப்புப் பாசி: கழுவிக் கவிழ்க்காதீர்கள்

வண்ண மீன் வளர்ப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக மீன் தொட்டி வாங்கியவர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு எழுதினாற்போல் இந்த மாதம் ஒரே கேள்வி வந்து குவிந்திருக்கிறது. தொட்டி வைத்த சில வாரங்களிலேயே எங்கு பார்த்தாலும் பழுப்பாகப் படிகிறது, என்ன செய்வது?

கொளத்தூரில் மொட்டை மாடித் தொட்டிகளில் குஞ்சு எடுத்துக் கடைகளுக்குக் கொடுப்பது என் பிழைப்பு. என் கையிலிருந்து போகிற மீன் புதுத் தொட்டியில் முதல் மாதத்தைத் தாண்டுமா என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு. அந்த மாதத்தில்தான் இந்தப் பாசியும் வருகிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை பழுப்புப் பாசிக்கே இடம் கொடுக்கிறேன்.

அக்கா, மகன் பிறந்த நாளுக்கு 2 அடித் தொட்டி வாங்கி ஆறு கோல்ட்ஃபிஷ் விட்டோம். பத்து நாளிலேயே மணல், கண்ணாடி, பிளாஸ்டிக் செடி எல்லாவற்றிலும் காபித்தூள் தூவினாற்போல் படிய ஆரம்பித்தது. முழுத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, மணலையும் ஃபில்டரையும் வெந்நீரில் கழுவி மறுபடி வைக்கச் சொன்னார்கள் கடையில். இரண்டு முறை செய்தோம். இரண்டு முறையும் பாசி திரும்ப வந்தது. இரண்டாவது முறை கழுவிய நாலாம் நாள் இரண்டு மீன் செத்துவிட்டன. மகன் சாப்பிடாமல் அழுகிறான். இந்தப் பாசியில் விஷம் இருக்கிறதா?
வாசகி, மேடவாக்கம்

அம்மா, பாசியில் விஷம் இல்லை. மீன்கள் செத்தது பாசியால் அல்ல, அந்தக் கழுவலால். மனது நோகும் என்று தெரிந்தும் நேராகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்னும் நான்கு மீன் உயிரோடு இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றிவிடலாம்.

முதலில் பாசி. நீங்கள் பார்ப்பது டயாட்டம் என்ற ஒற்றைச் செல் உயிர். பச்சையம் இதிலும் உண்டு. ஆனால் ஃபியூகோசாந்தின் என்ற பழுப்பு நிறமி அந்தப் பச்சையை மறைத்துவிடுகிறது. இதன் செல்லைச் சுற்றி சிலிக்காவால் ஆன ஓடு இருக்கிறது, கண்ணாடிக்கும் மணலுக்கும் மூலமான அதே சிலிக்கா. ஓடு கட்டத் தேவையான சிலிக்கா நம் குழாய்த் தண்ணீரிலேயே கரைந்து வருகிறது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தாலும் இதற்குத் தாராளம். புதுத் தொட்டியில் கண்ணாடி, கல், மணல் எல்லாப் பரப்பும் காலியாகக் கிடக்கும். போட்டிக்கு வேறு பாசி இல்லை, மேய ஆள் இல்லை. நல்ல சூழலில் நாளுக்கு ஒரு முறையாவது இரண்டாகப் பிரிகிற உயிர் இது. இடத்தை முதலில் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பிறகு கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாப் படலமும் பச்சைப் பாசியும் மெல்ல அந்த இடங்களில் குடியேறும்போது இது தானாகப் பின்வாங்கும். பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் இது நடந்துவிடும்.

இப்போது கழுவலால் என்ன ஆனது என்று பாருங்கள். எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவியதும் பரப்பு மறுபடி காலியாகிவிட்டது. டயாட்டத்துக்கு மீண்டும் முதல் நாள். அதனால்தான் ஒவ்வொரு முறையும் அது தவறாமல் திரும்புகிறது. அது மட்டுமென்றால் அழகுப் பிரச்சினையோடு போயிருக்கும். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. அதை நைட்ரைட்டாக மாற்றுவது ஒரு வகை பாக்டீரியா, நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றுவது இன்னொரு வகை. இவை ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். வெந்நீர் பட்டால் அத்தனையும் போய்விடும். பிறகு சேருகிற அமோனியாவை யார் தின்பது? தண்ணீர் பளிங்காகத்தான் தெரியும், மீன் அதில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். தண்ணீர் சூடாக இருந்தாலும் பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) கூடுதலாக இருந்தாலும் அமோனியாவின் நச்சு இன்னும் ஏறும். சென்னைக் கோடையில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

இனிச் செய்ய வேண்டியது. இன்றே நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் குளோரின் நீக்கியதாக இருக்கட்டும். பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் ஹைப்போவோ ஆன்டி குளோரினோ அதில் எழுதிய அளவுக்குப் போடுங்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, அதுவும் ஒரு வேளை, போதும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஏர் பம்ப்பை ராத்திரியும் நிறுத்தாதீர்கள்; மறுநாளும் நான்கில் ஒரு பங்கு மாற்றுங்கள். நிலைமை சீராகும்வரை இப்படித் தினமும் மாற்றினாலும் கெடுதல் இல்லை. அதன் பிறகு வாரம் ஒரு முறை போதும்.

தெரிந்தவர் வீட்டில், மீன்கள் ஆரோக்கியமாக இருக்கும் பழைய தொட்டி இருந்தால், அவர்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சை உங்கள் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து தரச் சொல்லுங்கள். சேற்றுப் பழுப்பாக ஒரு கலங்கல் இறங்கும். அசிங்கமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், உங்களுக்கு வேண்டிய பாக்டீரியா அதில்தான் இருக்கிறது. சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டித் தந்தால் இன்னும் நல்லது, உங்கள் ஃபில்டருக்குள் செருகிவிடலாம்.

கண்ணாடியில் படிந்ததைப் பழைய ஏ.டி.எம். அட்டையின் ஓரத்தால் மேலிருந்து கீழாக வழித்துவிடுங்கள். பிளாஸ்டிக் செடிக்குப் பழைய டூத் பிரஷ். வழித்ததும் கலங்கும். கலங்கல் மணலில் இறங்கியபின் சைஃபன் குழாயால் உறிஞ்சுங்கள், வாரத் தண்ணீர் மாற்றமும் அதிலேயே முடிந்துவிடும். சோப்பு, ப்ளீச்சிங் பவுடர், வெந்நீர் எதுவும் தொட்டிப் பக்கம் வரக்கூடாது. ஃபில்டரில் தண்ணீர் வரத்துக் குறைந்தால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை லேசாக அலசுங்கள்.

இன்னொன்று. 2 அடித் தொட்டி ஐம்பது லிட்டர் சொச்சம்தான் கொள்ளும். கோல்ட்ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கிற மீன், கையளவுக்கு மேல் வளரும். நாலே அந்தத் தொட்டிக்கு அதிகம். புதிதாக எதுவும் சேர்க்காதீர்கள். மகனிடம் வழிக்கிற அட்டையைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை இது உன் வேலை என்று சொல்லுங்கள். பிள்ளைகள் இதை ஆசையாகச் செய்வார்கள்.

எங்கள் வீட்டுத் தொட்டியில் படிவது பாசியா, போர்த் தண்ணீரின் துருவா? எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகர், விழுப்புரம்

நல்ல கேள்வி, நிறையப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள். ஒரு வெள்ளை பக்கெட்டில் போர்த் தண்ணீர் பிடித்து, மூடி போட்டு இருட்டில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் அடியில் செம்பழுப்பு வண்டல் இருந்தால் அது இரும்பு. டயாட்டத்துக்கு வெளிச்சம் வேண்டும், மூடிய பக்கெட்டில் ஒரே ராத்திரியில் அது வராது. இரும்பு இருந்தால் அந்தத் தண்ணீரை ஒரு நாள் ஏர் பம்ப் ஓடவிட்டுத் தெளியவைத்து, மேலாக எடுத்துத் தொட்டிக்கு ஊற்றுங்கள்.

தொட்டியிலேயே பார்ப்பதென்றால் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் வழிந்துவந்து, விரல்களுக்கிடையில் தேய்க்கும்போது மிக நுண்ணியதாக நறநறத்தால் டயாட்டம். அந்த நறநறப்பு சிலிக்கா ஓட்டினுடையது. நீலப்பச்சையாக, தோலாக உரிந்துவந்து, நாற்றமும் அடித்தால் அது சயனோபாக்டீரியா, அதற்கு வைத்தியம் வேறு. படிவே இல்லாமல் தண்ணீர் மட்டும் டீ நிறமாக இருந்தால், உள்ளே போட்ட மரக்கட்டை சாயம் விடுகிறது. அது மீனுக்குக் கெடுதல் இல்லை.

போர்த் தண்ணீரின் டி.டி.எஸ். 1100 காட்டுகிறது. பாசிக்கு அதுதான் காரணம் என்று நினைத்து வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினேன். மீட்டர் 90 காட்டுகிறது, பாசி மட்டும் குறையவில்லை. ஏன்?
வாசகர், நாமக்கல்

மீட்டரை நம்பியதுதான் சிக்கல், தம்பி. டி.டி.எஸ். என்றால் தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு. ஆனால் அதைக் காட்டும் மீட்டர் உண்மையில் அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை. கரைந்த உப்புகள் மின்னேற்றம் உடையவை, ஆகவே மீட்டரில் விழும். நம் தண்ணீரின் பி.எச். அளவில் சிலிக்கா பெரும்பாலும் மின்னேற்றமே இல்லாத சிலிசிக் அமிலமாகக் கரைந்திருக்கிறது. அது எவ்வளவு இருந்தாலும் மீட்டர் கண்டுகொள்ளாது. 1100 காட்டும் தண்ணீரில் சிலிக்கா குறைவாக இருக்கலாம், 300 காட்டும் தண்ணீரில் அதிகமாக இருக்கலாம். உங்கள் பக்கத்துப் பாறை நிலத்தில் ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் சிலிக்கா கணிசமாகவே இருக்கும்.

ஆர்.ஓ. சவ்வு சிலிக்காவை நன்றாகவே தடுக்கும். ஆனால் வீட்டு மெஷின்கள் பலவற்றில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கிறது. ருசிக்காக, சவ்வைத் தாண்டாத தண்ணீரில் கொஞ்சத்தை அது சேர்த்துவிடுகிறது. அந்தக் கொஞ்சத்தோடு சிலிக்காவும் வந்துவிடும். உங்கள் 90-இல் அதன் பங்கு இருக்கலாம்.

இதற்காகத் திருகை மூடிவிட்டு முழுக்க ஆர்.ஓ. தண்ணீரிலேயே மீன் வளர்க்க வேண்டாம். தாது இல்லாத தண்ணீரில் பி.எச். நிலையாக நிற்காது, மீன் தவித்துப்போகும். பாதி ஆர்.ஓ., பாதி போர்த் தண்ணீர் என்று கலந்து, மாற்றும்போதெல்லாம் அதே விகிதத்தில் ஊற்றுங்கள். சிலிக்காவை முழுதாக ஒழிக்கிற முயற்சியை நன்னீர்த் தொட்டிக்காரர்கள் விட்டுவிடலாம் என்பது என் தீர்மானமான கருத்து. கடல் மீன் தொட்டி வைப்பவர்கள் அதற்குத் தனி ரெசின் போட்டுச் செலவழிக்கிறார்கள், அவர்கள் பாடு வேறு. உங்களுக்குத் தேவை பொறுமை.

என் மாமா வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கிறார். குளத்துத் தண்ணீர் பழுப்பாக மாறினால் சந்தோஷப்படுகிறார், அதற்காக ஏதோ வாங்கியும் போடுகிறார். அதே பாசிதானா இது? பண்ணைக்கு நல்லது வீட்டுத் தொட்டிக்கு எப்படிக் கெட்டதாகும்?
கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்

அதே குடும்பம்தான் மகளே. உங்கள் மாமா சந்தோஷப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. டயாட்டம் செல்லில் எண்ணெய்ச் சத்து அதிகம், இறால் குஞ்சுக்கும் அது தின்னும் நுண்ணுயிர்களுக்கும் அருமையான தீனி. பண்ணையில் சிலிக்கேட் உப்பைப் போட்டு இதை வளர்ப்பது வழக்கம்தான். நாம் ஒழிக்கப் பார்க்கிறதை அவர்கள் காசு கொடுத்து வளர்க்கிறார்கள். கடல்களில் மிதக்கும் டயாட்டங்களைக் கணக்கில் எடுத்தால், உலகில் ஒளிச்சேர்க்கையால் வெளிவரும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவற்றின் உபயம். 1867-இல் ஆல்ஃப்ரட் நோபல் காப்புரிமை பெற்ற டைனமைட்டில் நைட்ரோகிளிசரினை உறிஞ்சி வைத்திருந்ததும் பழைய டயாட்டம் ஓடுகள் படிந்து உண்டான மண்தான்.

வீட்டுத் தொட்டிக்கும் இது கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. பார்க்க நன்றாக இல்லை, செடி இலைமேல் தடித்தால் வெளிச்சத்தை மறைக்கிறது. குறை அதோடு சரி. மோலியும் செர்ரி இறாலும் இதை மேய்வதைப் பாருங்கள், ஆசையாகத் தின்னும்.

உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப் இருக்குமே. கண்ணாடியில் வழித்ததில் ஒரு துளியை ஸ்லைடில் வைத்து நாற்பது மடங்கு லென்ஸில் பாருங்கள். இரு முனையும் கூர்த்து நடு அகன்ற பொன்பழுப்புச் செல்கள் தெரியும். சில சும்மா கிடக்கும். சில துடுப்பும் இல்லாமல் வாலும் இல்லாமல் நேர்கோட்டில் வழுக்கிப்போய், நின்று, வந்த வழியே பின்னால் போகும். ஓட்டின் நடுவே உள்ள நீண்ட பிளவின் வழியே ஒருவகைப் பசையை வெளியே விட்டு அதைப் பற்றிக்கொண்டுதான் நகர்கின்றன. ஓட்டின்மேல் குறுக்குவரிகள் அத்தனை ஒழுங்காக இருக்கும். ஒரு தடவை பார்த்துவிட்டீர்களானால் இந்தப் பாசிமேல் கோபமே வராது.

பாசி தின்பதற்கு சக்கர் மீன் ஒன்று வாங்கிப்போட்டால் தொட்டியைச் சுத்தம் செய்யவே வேண்டாம் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?
வாசகர், மதுரை

வேண்டாம். இதைச் சொல்வதால் சில கடைக்காரர்கள் என்மேல் வருத்தப்படுவார்கள், பரவாயில்லை. இரண்டு அங்குலத்தில் சாதுவாகத் தெரிகிற சக்கர் ஒரு அடிக்கு மேல் வளரும். வளர வளரப் பாசியில் நாட்டம் குறைந்து மற்ற மீன்களின் தீனிக்குப் பாயும். அது போடுகிற கழிவு, புதுத் தொட்டியின் அமோனியாவை இன்னும் ஏற்றிவிடும்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று. தொட்டியில் இடம் போதாமல் போனதும் பலர் அதைக் கொல்ல மனமில்லாமல் ஏரியிலோ கண்மாயிலோ விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்க மீனான அது இன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நீர்நிலைகளில் தானாகவே இனம் பெருக்குகிறது. கரையைத் துளைக்கிறது, நம் மீன்களின் முட்டையைத் தின்கிறது, அதன் முள் மீனவர் வலையைக் கிழிக்கிறது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எந்த நீர்நிலையிலும் விடாதீர்கள். வாங்கிய கடையிலோ, பெரிய தொட்டி உள்ளவரிடமோ கொடுத்துவிடுங்கள்.

மேய ஆள் வேண்டுமென்றால் நெரைட் நத்தை நல்ல தேர்வு. டயாட்டத்தை வழித்து வழித்துத் தின்னும். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டும், ஆனால் நன்னீரில் அது குஞ்சாகாது, பெருகித் தொல்லை தராது. ஓட்டோ என்கிற ஓட்டோசிங்க்ளஸ் மீனும் இதை விரும்பித் தின்பதுதான், ஆனால் புதுத் தொட்டியின் தண்ணீரை அது தாங்காது. நத்தையோ ஓட்டோவோ, அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று உறுதியான பிறகே விடுங்கள்.

வெளிச்சம் குறைவாக இருப்பதால்தான் பழுப்புப் பாசி வருகிறது, லைட்டைக் கூட்டு என்கிறார் ஒரு நண்பர். கறுப்புத் துணி போட்டு மூடு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
வாசகர், திருச்சி

இரண்டும் வேண்டாம். டயாட்டம் மங்கலான வெளிச்சத்திலும் வளரும், அதனால்தான் முதல் நண்பர் அப்படிச் சொல்கிறார். லைட்டைக் கூட்டினால் பழுப்பு போய்ப் பச்சை வரும், அதை வழிப்பது இன்னும் கடினம். மூடி வைத்தால் கொஞ்சம் குறையும், துணியை எடுத்ததும் திரும்பும். தினம் ஆறிலிருந்து எட்டு மணி நேரம், ஒரே நேரத்தில் போட்டு ஒரே நேரத்தில் அணையுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் தொட்டியைத் தள்ளி வையுங்கள்.

செடித் தொட்டி வைத்து ஐந்து வாரம். இலைகள் எல்லாம் பழுப்பேறிவிட்டன. பிடுங்கிவிடலாமா?
வாசகி, கோவை

பிடுங்காதீர்கள். இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்துக் காம்பிலிருந்து நுனிக்கு மெதுவாக உருவுங்கள், வந்துவிடும். மிகவும் நைந்த இலையை மட்டும் கத்தரியுங்கள். அனுபியாஸ் போன்ற மெதுவாக வளரும் செடிகள்தான் அதிகம் அவதிப்படும். வேகமாக வளரும் ஹைட்ரில்லா, ஹார்ன்வொர்ட், வாலிஸ்னேரியா எதையாவது கை நிறைய வாங்கிச் சேருங்கள். தண்ணீரில் உள்ள அமோனியாவையும் நைட்ரேட்டையும் அவை இழுத்துக்கொள்ளும். செடி புதுத்தளிர் விட ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது.

எங்களுடையது புதுத் தொட்டி அல்ல, எட்டு மாதம் ஆகிறது. இன்னும் பழுப்புப் படிகிறதே?
வாசகர், வேலூர்

அப்படியானால் ஏதோ ஒன்று தொட்டியை முதிரவிடாமல் செய்கிறது. ஃபில்டர் ஸ்பாஞ்சை வாராவாரம் குழாயடியில் வைத்துக் கசக்குகிறீர்களா என்று முதலில் பாருங்கள். குளோரின் பட்டு பாக்டீரியா ஒவ்வொரு வாரமும் சாகும். அடுத்துத் தீனி: மணலைக் கிளறினால் அழுகிய தீனி மேலே வருகிறதா? அதிக மீனா? ஃபில்டரின் ஓட்டம் தொட்டியின் ஒரு மூலைக்கு எட்டாமல், அங்கே மட்டும் தடிப்பாகப் படிகிறதா? இவற்றில் ஒன்றோ இரண்டோ கட்டாயம் இருக்கும்.

பாசி நீக்கும் மருந்து பாட்டிலில் விற்கிறார்கள். நீல மருந்தும் கல் உப்பும் போடச் சொல்கிறார்கள். எது நல்லது?
வாசகர், கும்பகோணம்

பழுப்புப் பாசிக்கு மூன்றுமே தேவையில்லை. பாசி நீக்கிகள் சிலவற்றில் தாமிரம் இருக்கிறது. நத்தை, இறால் மிஞ்சாது. மொத்தப் பாசியும் ஒரே நாளில் செத்து அழுகினால் தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். நீல மருந்தான மெத்திலீன் ப்ளூ பூஞ்சைக்கானது. நாம் பாடுபட்டு வளர்க்கிற பாக்டீரியாவையும் அது பதம் பார்க்கும், தொட்டி மூலைச் சிலிக்கானையும் நீலமாக்கிவிடும். கல் உப்பு மட்டும் ஒரு விதத்தில் உதவும். நைட்ரைட் ஏறிய நாட்களில் உப்பில் உள்ள குளோரைடு, அந்த நைட்ரைட் செவுள் வழியே மீனுக்குள் புகுவதைத் தடுக்கிறது. பாசிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, செடிகள் வாடும்.

அந்தக் காசுக்கு ஒரு அமோனியா சொட்டு கிட் வாங்குங்கள். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சொன்ன எண்ணிக்கையில் சொட்டு விட்டுக் குலுக்கி, அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலான கிட்களில் மஞ்சளாகவே நின்றால் அமோனியா இல்லை, பச்சை ஏறினால் இருக்கிறது. முதல் ஆறு வாரம் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பாருங்கள். பச்சை தெரிந்தால், கண்ணாடி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அன்றைக்கே கால் பங்கு தண்ணீரை மாற்றிவிடுங்கள்.